ஊரடங்கில் தனிமையும் ஏகாந்தமும் ஒன்றுதானா? சிரிப்பு எப்படி உதவுகிறது?

தனிமை என்பது பக்கத்தில் ஆள் இல்லாதது அல்ல. வேண்டிய உறவுக்கும் கிடைக்கிற உறவுக்கும் நடுவே விழும் இடைவெளி. ஏகாந்தம் நாமே தேடிப் போவது. காவடி விரதத்தில் ஒருவேளைச் சோற்றை விடுபவருக்கும் பசிக்கும், வீட்டில் அரிசி தீர்ந்தவருக்கும் பசிக்கும். இரண்டும் ஒரே பசியா?

மொரிசியசில் 2020 மார்ச் 20 அன்று ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரலில் கடைக்குப் போகவே குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி நாள் குறித்தார்கள்: ஏ முதல் எஃப் வரை திங்கள், வியாழன்; ஓ முதல் இசட் வரை புதன், சனி. அப்பாடு வீட்டுக்காரரும் பிள்ளை வீட்டுக்காரரும் வேலியோரம் பேச முடிந்தது, கடை வரிசையில் பார்க்க முடியவில்லை. கேலிக்கு இதைவிட நல்ல சரக்கு ஏது?

சிரிப்பு கூடியிருக்கும்போது வருவது. தனியாக இருப்பதைவிடப் பிறரோடு இருக்கையில் மனிதர் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிப்பதாக உளவியலாளர் ராபர்ட் புரோவைன் கண்டார். அதனால்தான் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் ஜோக் பெரும்பாலும் வீண்: அனுப்பியவரும் பார்த்தவரும் தனித்தனி. மாலை ஆறு மணி என்று வைத்து, பத்து நிமிடம் குரல் கேட்கப் பேசுங்கள். அன்று கருகிய ஃபராத்தா ரொட்டியைப் பற்றிச் சொன்னாலே போதும்.

ஓயாமல் ஜோக் அடிப்பவருக்குத் தனிமை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள்.