கேள்வி-பதில்: கொழும்புக்கு ஐம்பது நிமிடமா, ஒன்றரை மணி நேரமா?

கேள்வி: குடும்பத்தோடு ஐந்து பேர் கதிர்காமம் போகிறோம். பெங்களூர்–கொழும்பு 710 கி.மீ., பறக்கும் நேரம் ஐம்பது நிமிடம் என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. டிராவல்ஸ்காரர் தரும் டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம். ஆளுக்கு இரண்டாயிரம் குறைவாக இன்னொரு டிக்கெட்டும் வைத்திருக்கிறார். அதில் ஆறு மணி நேரம். எதை வாங்குவது?
– வாசகர், தர்மபுரி

பதில்: டிராவல்ஸ்காரர் ஏமாற்றவில்லை. இணையதளம் நேர்க்கோட்டுத் தூரத்தை ஜெட்டின் முழு வேகத்தால், அதாவது மணிக்கு 850 கி.மீ. அளவால், வகுத்துச் சொல்கிறது. டிக்கெட் நேரமோ பெங்களூரில் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். பக்கத்து ஊர்ப் பயணத்தில் முழு வேகத்தில் பறப்பதே கொஞ்ச நேரம்தான். சென்னை–யாழ்ப்பாணம் 355 கி.மீ.தான், ஆனால் அங்கே போவது சின்ன புரொப்பெல்லர் விமானம் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இலங்கைக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றே, அதனால் இறங்கும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்துப் பார்த்தால் சரியாக வரும். காத்மாண்டு என்றால் 15 நிமிடம் முன்னே ஓடும்.

டிக்கெட் நேரத்தால் வேறொரு பயனும் உண்டு. இந்திய விமான நிறுவனம் உரிய முன்னறிவிப்பில்லாமல் விமானத்தை ரத்து செய்தால், டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) விதிப்படி இழப்பீடு அந்த நேரத்தை வைத்துத்தான். ஒன்று முதல் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. மழை, புயல் காரணம் என்றால் கிடையாது.

சரி, ஆறு மணி நேர டிக்கெட். அநேகமாகச் சென்னையில் மாறுவதாக இருக்கும். டிராவல்ஸ்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “பி.என்.ஆர். (முன்பதிவு எண்) ஒன்றா, இரண்டா?” இரண்டு என்றால் அவை தனித்தனி டிக்கெட். சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும்; முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் பணம் போனதுதான். ஐந்து பேருக்குப் பத்தாயிரம் மிச்சம் என்று அதில் விழாதீர்கள்.

திருச்சியைப் பார்த்தீர்களா? அங்கிருந்து கொழும்பு 420 கி.மீ.க்குள், நேர் விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். தர்மபுரியிலிருந்து பெங்களூர் விமான நிலையம் உள்ள தேவனஹள்ளி ஏறத்தாழ 175 கி.மீ., திருச்சி 200 கி.மீ. அளவு. கிலோமீட்டரில் பெங்களூர் கிட்டே. ஆனால் அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று ஊரை முழுக்கக் குறுக்கே கடக்க வேண்டும். காலையில் அங்கே மாட்டினால் கிலோமீட்டர் கணக்கு எடுபடாது. திருச்சிப் பக்கம் தொப்பூர் கணவாயைத் தாண்டிவிட்டால் பெரிய தொல்லை இல்லை. திருச்சியில் சேவை குறைவு, கட்டணமும் சில நாட்களில் கூடும். ஆகவே கார் வாடகையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். எனக்குக் கட்டண வித்தியாசம் கொஞ்சம் என்றால் திருச்சிதான்.

எங்கிருந்து கிளம்பினாலும் காலை விமானமாகப் பாருங்கள். கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகும் கதிர்காமத்துக்கு 300 கி.மீ. அளவுக்குச் சாலைப் பயணம் இருக்கிறது.