பத்து ரூபாய் அளவு ஆமை

கேள்வி: என் 9 வயது மகள் பிறந்தநாளுக்கு ஆமைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மீன் கடையில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் குஞ்சுகள் இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவர், வீட்டுக்கு ராசி என்று நட்சத்திர ஆமை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மாமியாரோ, ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்கிறார். 2 வயதில் மகனும் இருக்கிறான். எதை வாங்கலாம், எப்படி வளர்ப்பது? பெயர் வைக்க ஆணா பெண்ணா என்றும் தெரிய வேண்டுமாம் அவளுக்கு.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நட்சத்திர ஆமை விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வது அப்படியே பலிக்கும். அந்த ஆமை புகுந்தால் பின்னாலேயே வனத்துறையும் புகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் உயிர் அது. வைத்திருந்தாலே 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வயலில் பிடித்த பாலாமையும் அப்படித்தான். ‘தெரிந்தவரிடம்’ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடையில் நீங்கள் பார்த்தது சிவப்புக் காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்திருக்குமே? அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம். கடைக்காரர் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. அது அந்த அளவிலேயே இருக்காது. பெண் ஆமை 25 முதல் 30 செ.மீ. வரை, அதாவது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டு இருக்கும். மகள் கல்யாணமாகிப் போன பிறகும் ஆமை உங்களிடம்தான். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கியவர்கள்தான் பிறகு கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். புண்ணியம் என்று நினைப்பு. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவிகளின் பட்டியலில் இதுவும் ஒன்று. நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

அதனால் என் யோசனை, குஞ்சு வாங்காதீர்கள். வளர்க்க முடியாமல் கொடுத்துவிட நினைப்பவர் யாராவது ஊரில் நிச்சயம் இருப்பார். அவரிடம் வளர்ந்த ஆமையை வாங்கிக்கொள்ளுங்கள். முழு அளவும் கண்ணுக்குத் தெரியும், குஞ்சுப் பருவத்துச் சாவுகளும் இருக்காது. கண் வீங்காமல் பளிச்சென்று இருக்கிறதா, மூக்கில் குமிழி வராமல் இருக்கிறதா, தூக்கினால் காலை வெடுக்கென்று இழுக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினால் நுரையீரலில் சளி இருக்கலாம்; விட்டுவிடுங்கள்.

கடையில் தரும் பிளாஸ்டிக் தென்னைமரத் தொட்டி ஒரு மாதத்துக்குக்கூடப் போதாது. பெரிய ஆமைக்கு 300 லிட்டராவது தேவை. மொட்டை மாடியோ பின்கட்டோ இருந்தால் சிமென்ட் தொட்டி கட்டுவது மலிவு. பாதிக்கு நிழல் இருக்கட்டும், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் வெந்துவிடும். ஏறி உடம்பைக் காய வைக்க ஒரு கல் அவசியம். ஓடு கெட்டிப்பட நேரடி வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் அதற்கு உதவாது. வீட்டுக்குள் வைப்பதென்றால் புறஊதா விளக்கு வாங்கியே ஆக வேண்டும். தண்ணீரிலேயே மலம் கழிக்கும் பிராணி என்பதால் மீன் தொட்டி ஃபில்டர் திணறிப்போகும். இரண்டு மடங்கு பெரியதாகப் போடுங்கள்.

டப்பாவில் விற்கும் காய்ந்த இறால், நமக்கு முறுக்கு மாதிரி வெறும் நொறுக்குத் தீனிதான். அதை மட்டுமே போட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஆமைக்கான உருண்டைத் தீனி, எப்போதாவது முழுச் சிறு மீன், மண்புழு, மிச்சமெல்லாம் வேலம்பாசி, லெட்டூஸ், கேரட் துருவல். வளர வளரத் தழைதான் அதிகம் தேவை. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள்; அதை மிதக்கவிட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். சோறு, பால் கூடவே கூடாது.

எனக்குக் கவலை உங்கள் மகனைப் பற்றித்தான். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். குழந்தைகள் வாயில் வைத்து நோயில் விழுந்ததால்தான் அமெரிக்காவிலேயே 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம் என்பதே மருத்துவர்கள் சொல்வது. நானாக இருந்தால் மகளிடம் இன்னும் 3 வருடம் அவகாசம் கேட்பேன். அழுவாள், சரி. அப்புறம் வாங்கும்போதும் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியைச் சமையலறை சிங்கில் கழுவவே கூடாது.

ஆணா பெண்ணா? 10 செ.மீ. தாண்டும்வரை யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் முன்னங்கால் நகம் நீளமாக, வால் பருமனாக இருந்தால் ஆண். வளர்ந்த ஆமையாக வாங்கினால் அன்றைக்கே பெயர் வைத்துவிடலாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.