நகையை அடகு வைக்காமல் அழகுக்கலை படிக்கலாமா? – குன்னூர் அக்கா பதில்கள்

(குன்னூரில் பார்லர் நடத்துபவர், பயிற்சி மாணவிகளுக்கு வகுப்பும் எடுப்பவர். அழகுக்கலைத் தொழில் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

பிளஸ் டூ முடித்துவிட்டேன். அம்மா தேயிலை பறிக்கிறார். கோவையில் ஒரு அகாடமியில் பியூட்டிஷியன் கோர்ஸுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். மாமா, 'நகையை வைத்துக் கட்டிவிடலாம்' என்கிறார். அரசாங்கத்தில் இலவசமாக எதுவும் இல்லையா அக்கா?
– வாசகி, கோத்தகிரி

நகை இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும்மா. இலவசப் பயிற்சி இருக்கிறது, ஒன்றல்ல, நாலைந்து வழிகளில்.

சீக்கிரம் கைத்தொழில் கற்றுக்கொண்டு வீட்டிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்றால் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். ஆர்செட்டி என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். மாவட்டத்தின் முன்னோடி வங்கியின் பொறுப்பில் நடப்பது, நம் நீலகிரி மாவட்டத்துக்கு அது கனரா வங்கி. 'பியூட்டி பார்லர் மேனேஜ்மென்ட்' என்று ஏறக்குறைய ஒரு மாதப் பயிற்சி. கட்டணம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். முடித்த பிறகு இரண்டு வருடம் வரை கூப்பிட்டு விசாரிப்பார்கள், வங்கிக் கடனுக்கும் வழி காட்டுவார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை.

உங்களுக்கு வேண்டியது கடையில் சம்பள வேலை என்றால் வேறு வழி. மத்திய அரசின் பி.எம்.கே.வி.ஒய்., அதாவது பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம், 2015-இல் தொடங்கியது. அதில் அசிஸ்டென்ட் பியூட்டி தெரபிஸ்ட், ஹேர் ஸ்டைலிஸ்ட் என்று தனித்தனிப் பயிற்சிகள் உண்டு. பயிற்சிப் பணத்தை அரசு நேராக மையத்துக்குக் கொடுத்துவிடும், உங்களிடம் யாரும் கை நீட்டக் கூடாது. கிராமப்புறத்து இளைஞர்களுக்கு டி.டி.யு.ஜி.கே.ஒய். என்ற ஊரகத் திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது. விடுதியில் தங்கிப் படித்து, முடித்ததும் வேலைக்கு அனுப்புவது. விசாரிக்க வேண்டிய இடம் மகளிர் திட்ட அலுவலகம். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் என்றால் அவர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவும் அழகுக்கலைப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. அந்த அறிவிப்பு மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பாகப் பேப்பரில் சின்னதாக வரும், பலர் கவனிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

ஒரு வருடம் பொறுமையாகப் படிக்க முடியும் என்றால் ஐ.டி.ஐ.யின் காஸ்மெட்டாலஜி என்ற அழகுக்கலைப் பிரிவைத்தான் நான் முதலில் சொல்வேன். பத்தாம் வகுப்புப் போதும். அரசு ஐ.டி.ஐ. என்றால் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வேறு. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் சேரும். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது. விண்ணப்பம் தரும் சமயத்திலேயே, எங்கே இருக்கிறது, அங்கே விடுதி உண்டா என்று குன்னூர் அரசு ஐ.டி.ஐ.யில் போய்க் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னபின் என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். இலவசம் என்றதும் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடாதீர்கள். சேருவதற்கு முன் ஒருநாள் மையத்துக்குப் போய், செய்முறை வகுப்பு நடக்கும்போது ஒரு ஓரமாக உட்காருங்கள். எத்தனை நாற்காலி, எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். முப்பது பேருக்கு ஒரே ஒரு ஃபேஷியல் பெட் இருந்தால், வரிசை உங்களிடம் வருவதற்குள் மாதம் முடிந்துவிடும். டம்மி தலையில் மட்டும் வெட்டிப் பழகினவளுக்கு, நிஜத் தலை அசைந்தால் கை நடுங்கும். திரெட்டிங்குக்கு நூல் பிடிக்கப் பழகுவது முதலில் நம் சொந்தக் காலில்தான், சரி. ஆனால் அதற்கப்புறம் அடுத்தவர் புருவம் வேண்டும், அதுவும் விதவிதமாக. பாடம் எடுப்பவர் ஒரு பார்லரிலாவது நின்று வேலை செய்தவரா என்று கேளுங்கள். போன பேட்ச் பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று இரண்டு பேரின் போன் நம்பர் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் கடைக்கு வேலை கேட்டு வரும் பெண்களிடம் நான் சான்றிதழை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் நூலைக் கையில் கொடுத்துவிடுவேன்.

எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள். இனிமேல் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?
– ஒரு சகோதரி, கூடலூர்

சேர்த்துக்கொள்வார்கள். பி.எம்.கே.வி.ஒய். பயிற்சிக்கு 45 வரை வயது வரம்பு. டி.டி.யு.ஜி.கே.ஒய். பொதுவாக 35 வரை என்றாலும் பெண்களுக்கு 45. தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ. சேரும் பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. ஆனால் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு வருடம் போய் வர முடியுமா என்று யோசியுங்கள். உங்களுக்கு முதலில் ஆர்செட்டி மாதிரி குறுகிய பயிற்சிதான் தோதுப்படும். பஸ் செலவுக்குப் பயப்பட வேண்டாம், விடியல் பயணம் 2024-இல் மலைப் பகுதிகளுக்கும் வந்துவிட்டது. இலவசப் பஸ்ஸா என்று மட்டும் ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று செய்யுங்கள். சேருவதற்கு முன் கண்ணைப் பரிசோதித்து விடுங்கள். நாற்பதை நெருங்கும்போது கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் மெல்லக் குறையும், புருவ முடி தெரியாமல் திணறுபவர்கள் தங்கள் கையில்தான் குறை என்று நினைத்துப் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்துபோகும் விஷயம்.

அக்கா, நீங்கள் தலைக்கு டை அடிப்பீர்களா?
– வாசகர், ஊட்டி

அடிப்பேன். 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, ஒவ்வாமை வருகிறதா என்று பேட்ச் டெஸ்ட் செய்துவிட்டு.

அப்பா அருவங்காட்டில் சலூன் வைத்திருக்கிறார். நானும் அவரிடமே தொழில் கற்றுக்கொண்டேன், 24 வயது. வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். 'கத்திரி பிடிக்கத் தெரிந்தவனுக்கு எதற்குடா காகிதம்' என்கிறார் அப்பா.
– வாசகர், அருவங்காடு

அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது தம்பி. அவரிடம் கற்ற தொழிலை எந்த மையமும் மூன்று மாதத்தில் சொல்லித்தர முடியாது. அதனால் நீங்கள் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. முன்பே தெரிந்த திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு பி.எம்.கே.வி.ஒய்.க்குள்ளேயே இருக்கிறது, ஆர்.பி.எல். என்பார்கள். சின்ன அறிமுக வகுப்பு, அப்புறம் மதிப்பீடு, அவ்வளவுதான். வெட்டுவதில் உங்களுக்குப் பிரச்சினை வராது. சீப்பு, கத்தரியைக் கிருமிநீக்கம் செய்வது, ஒருவருக்குப் போட்ட பிளேடை எப்படி அப்புறப்படுத்துவது, வாடிக்கையாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதில்தான் மார்க் போகும். நம் பையன்கள் அதைத்தான் அலட்சியமாக விடுகிறார்கள்.

பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 செப்டம்பரில் வந்தது, 18 தொழில்களில் முடிதிருத்துவதும் ஒன்று. குலத்தொழிலோடு பிணைக்கிறது என்று சொல்லித் தமிழக அரசு அதை ஏற்கவில்லை. பதிலாகக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று கொண்டுவந்தது. சிகை அலங்காரமும் அழகுக்கலையும் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் அதில் உள்ள எந்தத் தொழிலுக்கும் கேட்கலாம், பரம்பரையாகச் செய்திருக்க வேண்டியதில்லை. 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே அப்பா பெயரில் விண்ணப்பியுங்கள். காகிதம் வேண்டாம் என்றவர் கையாலேயே கையெழுத்துப் போட வைத்துவிடலாம். முடிதிருத்துவோர் நலவாரியத்தில் இருவரும் பதிவு செய்துகொள்ளவும் மறக்காதீர்கள்.

இலவசப் பயிற்சியில் சேர்ந்தேன். 'பாதியில் நின்றுவிடுவாய்' என்று சொல்லி மையத்தில் என் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது பயிற்சிப் பொருள் கிட்டுக்கு 3,000 ரூபாய் கொடுத்தால்தான் தருவார்களாம்.
– பெயர் வேண்டாம், நீலகிரி

எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரிஜினலை வைத்துக்கொள்ள எந்தப் பயிற்சி மையத்துக்கும் உரிமை கிடையாது, சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். பணம் கொடுக்காதீர்கள். மையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, என்ன தேதியில் எதைக் கொடுத்தீர்கள் என்று குறிப்பிட்டு, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை ஊட்டியில் ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். அந்த நகலோடு அங்கே மனு கொடுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். உங்கள் பேட்ச்சில் இன்னும் சிலருக்கு இப்படி நடந்திருக்கும். சேர்ந்து போங்கள்.

மஞ்சூரில் வீட்டு முன்னறையில் பார்லர் தொடங்கியிருக்கிறேன். கோவையில் படித்தபோது சரியாக வந்தது இங்கே வரவில்லை. வாக்ஸ் தோலிலேயே கட்டியாகிறது, கலர் பிடிக்க நேரமாகிறது. குளிருக்காகக் கதவைச் சாத்தி வைத்தால் ஸ்மூத்தனிங் மருந்து வாடை கண்ணை எரிக்கிறது. கடன் வாங்கிப் பெரிதாக்கவும் ஆசை.
– வாசகி, மஞ்சூர்

நல்ல கேள்வி, இதைப் புத்தகத்தில் எழுதியவர்கள் கீழே சமவெளியில் இருந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

வாக்ஸ் போடுமுன் அறையைச் சூடாக்குங்கள், வாக்ஸை அல்ல. அறை ஜில்லென்று இருக்கும்போது ஹீட்டரில் வாக்ஸை மட்டும் ஏற்றினால் தோல் வெந்துபோகும். வாடிக்கையாளர் கையையோ காலையோ வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, நன்றாகத் துடைத்து, பவுடர் தூவி, மெல்லிய பூச்சாகப் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பகுதி பிரித்துச் செய்தால் கட்டியாக நேரம் கிடைக்காது. முதலில் உங்கள் மணிக்கட்டில் சூடு பாருங்கள், எப்போதும். கலருக்கு பிளாஸ்டிக் கேப் போட்டு மேலே சூடான டவல் சுற்றுங்கள். அவசரப்பட்டு மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள்.

அந்த வாடையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடியை நேராக்கும் பல மருந்துகளில் ஃபார்மால்டிஹைட் இருக்கிறது, அல்லது சூடு படும்போது வெளிவருகிறது. பாட்டிலில் 'ஃபார்மால்டிஹைட் இல்லை' என்று போட்டிருந்தாலும், மெத்திலீன் கிளைகால் என்று பொடி எழுத்தில் இருந்தால் அதுவும் அதே வகைதான். 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. வாடிக்கையாளர் வருடத்தில் இரண்டு முறை மூச்சில் இழுப்பார், நீங்கள் தினமும். அயர்ன் வைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வெளிக்காற்றுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். குளிருகிறதா, ஸ்வெட்டர் போடுங்கள். ஆவணி, ஐப்பசி மழையில் ஜன்னலே திறக்க முடியாது என்றால் அந்த மாதங்களில் ஸ்மூத்தனிங் எடுக்காதீர்கள், நான் எடுப்பதில்லை. கரியடுப்பை உள்ளே வைத்து அறையைச் சூடாக்குவது வேண்டவே வேண்டாம். தலை கழுவ கேஸ் கீசர் என்றால் அதையும் சுவருக்கு வெளிப்பக்கமாகப் பொருத்தச் சொல்லுங்கள். இரண்டிலும் வருவது கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாடையே கிடையாது.

கடனுக்கு, மானியத்தோடு வரும் மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டம் இருக்கிறது. ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான், ஏற்கெனவே நடக்கும் கடையைப் பெரிதாக்க அல்ல. உங்களுடையதைப் புதிய தொழிலாக எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள், விண்ணப்பம் ஆன்லைனில். சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் வரை போகலாம், நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெண் என்பதால் சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும், மானியம் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25. 3 லட்சத்துக்குப் போட்டால் உங்கள் கையிலிருந்து 15,000 ரூபாய். கிராமப்புறக் கணக்கில் 1,05,000 மானியம். மானியம் கையில் வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருடம் பூட்டி வைத்திருந்து, அப்புறம் கடனில் கழிப்பார்கள். அதற்குள் கடை மூடியிருக்கக் கூடாது, நேரில் பார்க்க ஆள் வருவார். ஆகவே கொட்டேஷன் வாங்கும்போதே நாற்காலி, வாஷ் பேசின், எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாவற்றையும் ஜி.எஸ்.டி. பில்லோடு கேளுங்கள். கடன் கைக்கு வருமுன் எதையும் சொந்தக் காசில் வாங்கிவிடாதீர்கள், முன்கூட்டி வாங்கியதைப் பெரும்பாலும் திட்டச் செலவில் சேர்க்க மாட்டார்கள். முன்னறை மாமனார் பெயரில் இருந்தால் அவரிடம் ஒரு சம்மதக் கடிதமும் எழுதி வாங்கி வையுங்கள்.