முப்பத்தேழு கொக்குகள்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஐந்து வருடங்களாக ஓரிகாமி என்னும் காகித மடிப்புக் கலையைச் செய்கிறேன், அதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. டிசம்பரில் இரண்டு வாரம் விடுமுறை. கம்போடியாவில் சியெம் ரீப் பக்கம் ஓர் அனாதை இல்லத்தில் பிள்ளைகளுக்குக் காகிதம் மடிக்கச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லா ஏற்பாடும் செய்கிறது. யாருமே இல்லாத அந்தப் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைக் கொடுத்தால் எனக்கும் மனநிறைவாக இருக்கும். நீங்கள் அங்கே போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எவ்வளவு தாள் கொண்டுபோகலாம்? எதிலிருந்து தொடங்கலாம்? படங்கள் எடுத்துப் பகிரலாமா?

ம., சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

படம் எடுக்காதீர்கள். மனநிறைவு வந்தால் வரட்டும், அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. போன வாரம் அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய காகிதக் கொக்கு கையில் அகப்பட்டது. இரண்டு நாளாக மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது.

2010 ஜனவரியில் நானும் உங்களைப் போலத்தான் பணம் கட்டிப் போனேன். ஊருக்கு வெளியே செம்மண் பாதையில் ஒரு விடுதி. பன்னிரண்டு நாள். முதல் நாள் இருபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வண்ணத் தாள் கட்டைப் பிரித்ததும் "ஓ" என்றார்கள். கொக்கை மடித்து முடித்து இறக்கையை விரித்ததும் கைதட்டினார்கள். அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் ஒரு மடிப்பில் தடுமாறினேன். கொக்கு மடிப்பவர்களுக்குத் தெரியும், மேலடுக்கைத் தூக்கி இரண்டு ஓரங்களையும் உள்ளே வாங்கி வைர வடிவமாகப் படியவைக்கும் இடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். வேறெங்கோ பார்த்துக்கொண்டே கையை நீட்டி அந்த மடிப்பை ஒரே இழுப்பில் படியவைத்தாள். செய்த பிறகுதான் செய்ததை உணர்ந்தாள் போல. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு பொறுப்பாளரைப் பார்த்தாள்.

சாயங்காலம் தன் படுக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் காட்டினாள். முப்பத்தேழு கொக்குகள். எண்ணிப் பார்த்தேன். தங்கப் பூ போட்ட ஜப்பான் தாளில் சில, நோட்டுத் தாளில் சில, ஹோட்டல் கடிதத் தாளில் ஒன்று. ஒவ்வொன்றாகத் தொட்டு "டீச்சர் கொரியா, டீச்சர் பிரான்ஸ், டீச்சர், டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

எனக்கு முன்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் கொக்கிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள், ம. வந்து, தொடங்கி, படம் எடுத்துக்கொண்டு, அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டாவது பாடம் எடுக்க ஒருவரும் இருக்கவில்லை. "உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?" என்று கேட்டவரும் இல்லை, நான் உட்பட. புதிதாக வருகிறவர் முன்னால் முதல்முறை பார்ப்பதுபோல் வியக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகள் நன்றாகக் கற்றிருந்தார்கள். அதைக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான்.

நாலாம் நாள் வண்ணத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, மழைக்காலத்தில் என் அத்தை செய்து தரும் கத்திக்கப்பலை மடித்துக் காட்டினேன். அது அவளுக்குத் தெரியாது. புருவம் நெரிந்தது. முதல் தாள் கிழிந்தது, இரண்டாவதும் கிழிந்தது. உதவப் போன என் கையைத் தள்ளிவிட்டாள். கைதட்டல் இல்லை, "ஓ" இல்லை. நாலாவது தாளில் கப்பல் வந்தது. ஓடிப்போய் வாசலில் இருந்த தண்ணீர் ஜாடியில் மிதக்கவிட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே நான் உருப்படியாக எடுத்த பாடம் அது ஒன்றுதான். எட்டு நாளில் நானும் கிளம்பிவிட்டேன்.

இப்போது உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டும். "யாருமே இல்லாத பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னார்கள்? அந்த நிறுவனத்தின் விளம்பரமா? அந்தப் பெண்ணுக்கு அம்மா இருந்தாள். தொன்லே சாப் ஏரிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா தாய்லாந்தில் கட்டட வேலை. சமையல்கார அம்மாள்தான், தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், எனக்கு இதைச் சொன்னார். ஏப்ரலில் கெமர் புத்தாண்டுக்கு, அதாவது கம்போடியர்களின் புத்தாண்டுக்கு, அவள் வீட்டுக்குப் போய் வருவாளாம்.

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. 2011இல் கம்போடிய அரசும் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2005இலிருந்து 2010க்குள் இப்படிப்பட்ட விடுதிகள் 75 சதவீதம் பெருகியிருந்தன. அங்கிருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குக் கிட்டத்தட்ட, தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் அங்கே இத்தனை பிள்ளைகளை அனாதையாக்கும் போர் ஏதும் நடக்கவில்லை. லட்சக்கணக்கானவர்களைப் பலிகொண்ட கெமர் ரூஜ் ஆட்சி 1979இலேயே முடிந்துவிட்டது. நான் பார்த்த பிள்ளைகள் அதற்கு இருபது வருடம் கழித்துப் பிறந்தவர்கள். அப்படியானால் அனாதைகள் எங்கிருந்து வந்தார்கள்? நம்மைப் போன்றவர்கள் விமானம் ஏறி வந்ததால் வந்தார்கள். வெளிநாட்டார் பணம் வரும் இடத்தில் விடுதி முளைக்கிறது, விடுதிக்குப் பிள்ளைகள் வேண்டும். படிப்பும் மூன்று வேளைச் சோறும் ஆங்கிலமும் கிடைக்கும் என்று சொன்னால் ஏழைத் தாய் அனுப்பத்தான் செய்வாள். அவளை ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் கட்டப்போகும் பணத்தில் ஒரு பகுதி அந்தத் தாயின் கைக்கே போனால் பிள்ளை வீட்டிலேயே இருந்து பள்ளிக்கூடம் போகும். ஆனால் அங்கே உங்களுக்குக் கொக்கு மடிக்க இடம் இருக்காது.

அந்த விடுதியில் சாயங்காலமானால் பிள்ளைகளுக்கு அப்சரா என்னும் கம்போடிய மரபு நடனத்தின் உடையை மாட்டிவிடுவார்கள். பெரியவர்களாக இருந்தால் நகரத்துக் கடைத்தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு நோட்டீஸ் கொடுக்க அனுப்புவார்கள். பத்து மணிக்குத் திரும்பி, காலை ஏழு மணிக்கு வகுப்பில் தூங்கி வழிவார்கள். நான் கட்டிய பணமும் இதற்குத்தான் போனது. பதினைந்து வருடம் ஆகியும் மனசு ஆறவில்லை.

அப்புறம், வெளியாட்கள் யாருமே எதுவும் சொல்லித்தரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெரோனிக் டெக்ரோ என்ற பிரெஞ்சுப் பெண், தாய்லாந்து எல்லையில் இருந்த சைட் டூ அகதி முகாமில் கம்போடியப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். ஒரு லட்சம் பேருக்கு மேல் முள்வேலிக்குள் அடைந்து கிடந்த முகாம். அங்கே இரண்டு வாரம் இருந்து கையசைத்துவிட்டு அவர் கிளம்பவில்லை. வருடக்கணக்கில் அதே பிள்ளைகளோடு இருந்தார். முகாம் கலைந்து ஊர் திரும்பிய பிறகு, அவரிடம் படித்த ஒன்பது இளைஞர்கள் 1994இல் கம்போடியாவின் பட்டாம்பாங் நகரில் அவரோடு சேர்ந்து ஒரு கலைப் பள்ளி தொடங்கினார்கள். பெயர் ஃபார் பொன்லூ செல்பாக். ஓவியத்தில் ஆரம்பித்து இசை, சர்க்கஸ் என்று வளர்ந்தது. நீங்கள் போகும் சியெம் ரீப்பிலேயே 2013இலிருந்து அவர்களுடைய சர்க்கஸ் நடக்கிறது. டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள். மேடையில் இருப்பவர்கள் சம்பளம் வாங்கும் கலைஞர்கள். நோட்டீஸ் கொடுக்கத் துரத்தப்பட்ட பிள்ளைகள் அங்கே இல்லை.

கம்போடியாவுக்குப் போயே தீருவேன் என்றால், சாயங்காலம் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குத் திரும்பும் பள்ளியாகப் பாருங்கள். அங்கே ஓர் உள்ளூர் ஆசிரியர் உங்களைக் கேட்டு அழைக்க வேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டு அவருக்குச் சொல்லிக்கொடுங்கள், நீங்கள் போன பிறகு அவர் இருப்பார். இல்லையென்றால் சிங்கப்பூரிலேயே வாடகை வீட்டுக் குடியிருப்பில் ஏதாவது ஒரு பிள்ளைகள் மையத்தில் ஒரு வருடம் சனிக்கிழமைதோறும் போங்கள். மழை பெய்தாலும், அலுவலகத்தில் அலுத்து வந்தாலும் போங்கள். விமானம் ஏற ஆசைப்படும் உங்களுக்கு இது சப்பென்று இருக்கும் என்று தெரியும். ஐந்து வருடம் விடாமல் ஒரு கலையைப் பழகியவர் நீங்கள், பொறுமை இல்லாமலா அது வந்திருக்கும்? அதில் பாதியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

தாள் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் வேண்டாம், பழைய செய்தித்தாளைச் சதுரமாக வெட்டினால் போதும். என் மேசைமேல் இருக்கும் கொக்கு, நான் கிளம்பிய அன்று அந்தப் பெண் மடித்துத் தந்தது. நடன நிகழ்ச்சி நோட்டீஸில் செய்திருக்கிறாள். இடது இறக்கையில் தலையில் கிரீடம் வைத்த ஒரு பாதி முகம் தெரிகிறது. அவளா என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் கை வரவில்லை.

அன்புடன்,
அக்கா