பொம்பெயில பாதி, நேபிள்ஸ்ல மீதி

வணக்கம்ண்ணா,

போன மாசம் குடும்பத்தோட இத்தாலி போயிருந்தோம். ரோம்லயே கால் வலிக்க சுத்திட்டோம், ஆனா நான் ரொம்ப ஆசைப்பட்டது எரிமலை மூடின பழைய ரோமானிய ஊர் பொம்பெயிக்குத்தான். உண்மையைச் சொன்னா ஏமாத்தமா போச்சு. கூரை இல்லாத வீடு, மொட்டைச் சுவர், வெயில், கூட்டம். போட்டோல பார்த்த ஓவியம் சிலை எதையுமே காணோம். "பாதில நின்னுபோன அபார்ட்மென்ட் சைட் மாதிரி இருக்கு, இதுக்கா இவ்ளோ செலவு"ன்னு எங்க வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுறார். அடுத்த வருஷம் அக்கா குடும்பம் போறாங்க, நேபிள்ஸ் பக்கம் அவங்களுக்கு ஒரே நாள்தான். பொம்பெயியை விட்டுட்டு, அதே எரிமலை மூடின பக்கத்து ஊர் ஹெர்குலேனியம் போகச் சொல்லவா? பொம்பெயில நம்ம லட்சுமி சிலை கிடைச்சதா ஒரு வாட்ஸப் ஃபார்வர்டும் வந்துச்சு, அது நிஜமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க வீட்டுக்காரர் சொன்னதுல தப்பே இல்ல, ஆனா அந்த சைட்டை அப்படி மொட்டையாக்கினது எரிமலை மட்டும் இல்ல. கி.பி. 79ல வெசூவியஸ் வெடிச்சு ஊரை மூடுச்சு, சரி. 1748ல அங்க தோண்ட ஆரம்பிச்சாங்களே, அப்ப நேபிள்ஸை ஆண்ட போர்பன் ராஜாவுக்கு ஊரைப் பத்தி பெரிய கவலை கிடையாது, அரண்மனைல வச்சு வர்றவங்களுக்குக் காட்ட பொருள் வேணும். சுவர்ல நல்ல ஓவியம் இருந்தா அதை மட்டும் சதுரமா வெட்டி எடுத்துட்டு மிச்ச சுவரை மழைலயும் வெயில்லயும் விட்டுட்டாங்க. சில சுவர்ல கலர் பூச்சுக்கு நடுவுல கட்டமா ஒரு பள்ளம் தெரியும், பார்த்தீங்களா? அந்த மாதிரி வெட்டினதுல நல்லதெல்லாம் இப்ப நேபிள்ஸ் தொல்பொருள் மியூசியத்துல மாட்டி வச்சிருக்கு. நீங்க பார்த்தது பாதி, மீதியைப் பார்க்காமலே ட்ரெயின் ஏறிட்டீங்க.

அக்காகிட்ட ஒண்ணு சொல்லுங்க. எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் அதை எந்த வருஷம் தோண்டினாங்கன்னு முதல்ல பார்க்கணும். 1860கள்ல ஜுசெப்பே ஃபியோரெல்லினு ஒருத்தர் பொறுப்புக்கு வந்தார், செத்தவங்க உடம்பு மக்கிப்போய் சாம்பல்ல விட்ட வெற்றிடத்துல பிளாஸ்டர் ஊத்தி அவங்க உருவத்தை எடுத்தாரே, அவரேதான். பொருளை அள்ளுறதை விட இடத்தை ஒழுங்கா மேலிருந்து தோண்டிப் பதிவு பண்ணணும்னு முறை கொண்டு வந்தது அவர். அதனால 1830ல தோண்டின, ஃபான் (Faun) வீடுன்னு சொல்ற மாளிகை கிட்டத்தட்ட காலி, ஆனா 1894ல தோண்டின, வெட்டி (Vettii)னு பேர் கொண்ட சகோதரர்கள் வீட்ல ஓவியம் சுவர்லயே இருக்கு. அடிமையா இருந்து விடுதலையாகி காசு பார்த்த ஆளுங்க அவங்க. ஒரு அறைல சுவர் அடியோரமா குட்டிக் குட்டி மன்மதன்கள் நகை செய்யுறதும் வாசனைத் தைலம் காய்ச்சுறதும் ஒயின் விக்கிறதுமா ஒரு நீளப் பட்டை போகும், குனிஞ்சு பார்க்கணும், அவசரத்துல எல்லாரும் நேரா பார்த்துட்டுப் போயிடுறாங்க. ரொம்ப வருஷம் வேலை நடந்து 2023 ஜனவரிலதான் இந்த வீட்டை முழுசா திறந்தாங்க. 1909ல கண்டுபிடிச்ச மர்மங்களின் மாளிகையும் இதே மாதிரி, சிவப்புச் சுவர் அப்படியே இருக்கு, ஊர் எல்லைக்கு வெளிய தனியா நடக்கணும்.

அதுக்காக ஃபான் வீட்டை விட்டுட வேண்டாம், பெரிய வீடு, 3000 சதுர மீட்டர் வரும். தரைல ஒரு போர்க்கள மொசைக் இருக்கும், அது நகல். ஒரிஜினல் 1843லயே நேபிள்ஸ் போயிடுச்சு. காலைல தரைல நகலைப் பார்த்துட்டு சாயங்காலம் ஒரிஜினலுக்கு முன்னாடி நில்லுங்க, அஞ்சு மீட்டர் அகலம், பத்து லட்சத்துக்கு மேல கல்லு, ஒரு பக்கம் அலெக்சாண்டர், இன்னொரு பக்கம் தேரைத் திருப்பி ஓடப் பார்க்குற பாரசீக ராஜா டேரியஸ். எல்லாரும் அந்த ரெண்டு மூஞ்சியைத்தான் போட்டோ எடுப்பாங்க. கீழ, தேர்ச் சக்கரம் கிட்ட விழுந்து கிடக்குற ஒரு பாரசீக சிப்பாய் ஒரு கேடயத்தைப் பிடிச்சிருக்கான், அந்தப் பளபளப்புல அவன் மூஞ்சியே தெரியுது, சாகப்போற நேரத்துல தன்னையே பார்க்குறான். இதைக் கல்லு ஒட்டி செஞ்சிருக்காங்கன்னா யோசிச்சுப் பாருங்க. எனக்கு அலெக்சாண்டரை விட இவன்தான் பெருசு.

ப்ரெட்டும் அப்படித்தான். பொம்பெயி பேக்கரில எரிமலைக் கல்லுல செஞ்ச மாவு அரைக்கிற எந்திரம் நிக்கும், கழுதை கட்டி சுத்துவாங்க. மியூசியத்துல கரியாகிப் போன ப்ரெட் இருக்கு, எட்டு துண்டா பிக்க வாகா மேல கோடு கூட கலையல. மியூசியத்தை மட்டும் பார்த்தா அது கருப்பா ஒரு கட்டி, அவ்வளவுதான். அதனாலதான் முதல்ல இடிபாடு, அப்புறம் மியூசியம்ங்கறேன். காலைல திறந்ததும் உள்ள போய் ஒரு மணி வரைக்கும் சுத்திட்டு, வெளிய வந்து ட்ரெயின் பிடிச்சா மத்தியானத்துக்கு மேல முழுக்க மியூசியம். முப்பது வீடு பார்க்க ஆசைப்பட வேண்டாம், ஆறேழு போதும்.

ஹெர்குலேனியம் நல்ல ஊர்தான், சின்னது, மரச் சாமான் கூட கரியா நிக்குது, மாடி இருக்கு, கடற்கரைப் படகுக் கொட்டகைகள்ல கிடைச்ச முந்நூறு பேர் எலும்பைப் பார்த்தா மனசு கனத்துப் போகும். வயசானவங்க, சின்னக் குழந்தைங்க கூட வந்தா பொம்பெயிக்குப் பதிலா இதையே போகச் சொல்லுங்க, அரை நாள்ல முடியும். ஆனா அலையத் தெம்பு இருந்தா என் ஓட்டு பொம்பெயிக்குத்தான், ஒரு முழு ஊரோட தெரு, கடை, தண்ணிக் குழாய்னு நடந்து பார்க்க வேற இடம் எங்க இருக்கு.

டிக்கெட்ல பேர் கேப்பாங்க, ஒரு நாளைக்கு 20,000 பேர்னு கட்டுப்பாடும் வந்துடுச்சு, அதனால முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடணும். மியூசியம் செவ்வாய்க்கிழமை லீவு, இது தெரியாம பிளான் போட்டா எல்லாம் வீண்.

லட்சுமி விஷயம். தந்தத்துல செஞ்ச ஒரு இந்தியச் சிலை 1938ல பொம்பெயில கிடைச்சது நிஜம். லட்சுமினு அப்போ பேர் வச்சாங்க, அதுவே நின்னுடுச்சு. இப்ப பல ஆய்வாளர்கள் யட்சினு சொல்றாங்க, மகாராஷ்டிராவுல போகர்தன்ல கிடைச்சதோட ஒத்துப்போகுது, உச்சந்தலைல ஓட்டை இருக்கறதால ஏதோ மேஜைக்குக் காலாவோ முகம் பார்க்குற கண்ணாடிக்குப் பிடியாவோ இருந்திருக்கலாம். அதை வச்சு ரோமானியர் லட்சுமி பூஜை பண்ணாங்கன்னு ஃபார்வர்ட் பண்றதெல்லாம் சும்மா. அதே மியூசியத்துல "ரகசிய அறை"னு சொல்ற பகுதிலதான் வச்சிருக்காங்க. அந்த அறைல மத்ததெல்லாம் பச்சையான காம ஓவியமும் சிலையும், குழந்தைங்களைக் கூட்டிட்டு லட்சுமி பார்க்கப் போறோம்னு அக்கா நேரா உள்ள நுழைஞ்சிடப் போறாங்க, முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.