வணிகச் செய்தியில் ‘ஆனால்’ செய்யும் வேலை: கேள்வி பதில்

கேள்வி: ‘மேலும்’ போட்டாலும் ‘ஆனால்’ போட்டாலும் தகவல் ஒன்றுதானே சார்?

பதில்: இல்லை. 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி) 0.50 சதவீதப் புள்ளி குறைத்து 5.50 சதவீதமாக்கியது. அதே அறிவிப்பில் தன் கொள்கை நிலைப்பாட்டை, வட்டியைக் குறைக்கச் சாயும் ‘தளர்விலிருந்து’ எந்தப் பக்கமும் சாயாத ‘நடுநிலைக்கு’ மாற்றியது. “வட்டியைக் குறைத்தது, மேலும், நிலைப்பாட்டை நடுநிலைக்கு மாற்றியது” என்று எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒரே திசையில் போவதுபோலத் தோன்றும். வீட்டுக் கடன் கட்டுபவர், அடுத்த கூட்டத்திலும் குறையும் என்று நம்பிக் காத்திருப்பார். “குறைத்தது, ஆனால், நிலைப்பாட்டை நடுநிலைக்கு மாற்றியது” என்றால், இனி குறைக்க இடம் அதிகமில்லை என்பது அவருக்குச் சட்டென்று உறைக்கும். ரிசர்வ் வங்கி அன்று சொல்ல வந்ததும் அதைத்தான்.

கேள்வி: வருமானம் கூடி, லாபம் குறைந்தால் எதை முதலில் எழுதுவது?

பதில்: ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் வருவதுதான் மனதில் நிற்கும். நிறுவனத்தின் செய்திக்குறிப்பு “லாபம் குறைந்தது, ஆனால் வருமானம் உயர்ந்தது” என்று வந்தால் அப்படியே இறக்கிவிடாதீர்கள். பங்கு வைத்திருப்பவருக்கு எது முக்கியமோ அது கடைசியில் வரட்டும்.

கேள்வி: ‘இதனால்’ எப்போது போடலாம்?

பதில்: காரணம் கையில் இருக்கும்போது மட்டும். 2024 ஜூன் 3 அன்று, மக்களவைத் தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை அந்தக் கணிப்புகளைப் பொய்யாக்கியது. இதனால் 4,389 புள்ளிகள் சரிந்தது. இங்கே ‘இதனால்’ நிற்கும். சாதாரண நாளில் 80 புள்ளி இறங்கியதற்கு “அமெரிக்கச் சந்தை சரிந்தது, இதனால்…” என்று எழுதுவது வெறும் ஊகம். “அமெரிக்கச் சந்தை நேற்று சரிந்திருந்தது. இன்று சென்செக்ஸ் 80 புள்ளி இறங்கியது” போதும்.

கேள்வி: ‘மற்றும்’ தவறா?

பதில்: பெயர்களுக்கு நடுவே பொறுத்துக்கொள்ளலாம், வாக்கியங்களுக்கு நடுவே வேண்டாம். “சென்செக்ஸ் சரிந்தது மற்றும் ரூபாய் மதிப்பு குறைந்தது” என்று யாரும் பேசுவதில்லை. “சென்செக்ஸ் சரிந்தது, ரூபாய் மதிப்பும் குறைந்தது.” அந்த ஒரு ‘உம்’ போதும்.

கேள்வி: “லாபம் குறைந்து பங்கு விலை சரிந்தது” என்று எழுதினேன். ஆசிரியர் அந்த வரியை அடித்துவிட்டார். ஏன்?

பதில்: அடித்தது சரிதான். ‘குறைந்து’ என்ற எச்சத்துக்கும் ‘சரிந்தது’ என்ற முற்றுக்கும் பொதுவாக எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே குறைந்தது லாபம், சரிந்தது விலை. “லாபம் குறைந்ததால் பங்கு விலை சரிந்தது” என்று எழுதுங்கள். காரணம் அதுதான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், “லாபம் குறைந்தது. பங்கு விலையும் சரிந்தது.”