ஒரே மெமரி, இரண்டு விலாசம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூடிவிட்ட ஒரு ஆய்வுகூடத்திலிருந்து பிடிபி-11/34 என்ற பழைய மினிகணினி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். மெமரி போர்ட்டில் இருப்பது 4116 மெமரி சிப்கள். கன்சோல் கீபேடில் 001000 என்ற விலாசத்தில் 111111 போட்டுவிட்டு, 005000 இல் 052525 போடுகிறேன். திரும்பப் போய் 001000 ஐப் பார்த்தால் அங்கேயும் 052525! வெளிநாட்டிலிருந்து வேறு போர்ட் எடுப்பிக்க வேண்டுமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: காசைக் கரியாக்காதீர்கள். போட்டதை அப்படியே திருப்பித் தருகிறதே, சிப்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, குழம்பியிருப்பது விலாசம். இந்த எண்கள் எல்லாம் எட்டடிமானம் (0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டும்). இரண்டு விலாசங்களுக்கும் உள்ள வித்தியாசம் எட்டடிமானத்தில் 4000, அதாவது 2048, இரண்டின் 11ஆம் அடுக்கு. ஆகவே விலாசத்தின் அந்த பிட்டைக் கொண்டுபோகும் கம்பி, அட்ரஸ் லைன் 11, எங்கேயோ அசையாமல் நிற்கிறது. ஒரு சிப்பின் கால் மட்டும் விட்டிருந்தால் ஒரு பிட்தான் தடுமாறும், உங்களுக்கோ 16 பிட்டும் சேர்ந்து போகிறது.

எங்கே நிற்கிறது என்பதற்கு ஒசிலோஸ்கோப்பைத் தொட முதல் கன்சோலையே கேளுங்கள். டெர்மினலின் விலாசம் 777560, அதில் இந்த பிட் 1. பூட் ரொம் (இயந்திரத்தைத் தொடக்கும் நிரல் உள்ள சிப்) இருக்கும் 773000 இல் அதே பிட் 0. டெர்மினலும் பதில் தந்து, ரொம்மும் சரியாக வாசிக்கப்பட்டால் சிபியுவும் யூனிபஸ்ஸும் (எல்லாப் போர்ட்களையும் இணைக்கும் பொதுத் தடம்) சுத்தம், குற்றவாளி மெமரி போர்ட்டுக்குள்தான்.

அடுத்தது எனக்குப் பிடித்த இடம். 4116க்கு 14 பிட் விலாசம் வேண்டும், ஆனால் அதற்கு ஏழு அட்ரஸ் கால்கள்தான், மல்டிபிளெக்சர் முதலில் ஏழு, பிறகு ஏழு என்று அனுப்புகிறது. மல்டிபிளெக்சருக்குப் பிறகு லைன் செத்திருந்தால் இரண்டு பிட்கள் சேர்ந்தே காணாமல் போய், ஒரே எண் நான்கு விலாசங்களில் தெரியும். விலாசத்தின் மற்ற பிட்களையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டே இடத்தில்தான் தெரிகிறது என்றால் கோளாறு அதற்கு முன்னால்: போர்ட்டின் விளிம்புத் தொடுகை, பஸ் ரிசீவர் (யூனிபஸ்ஸில் வருவதைப் போர்ட்டுக்குள் எடுக்கும் சிப்), அல்லது மல்டிபிளெக்சரின் உள்வாசல்.

வெள்ளவத்தை உப்புக்காற்றுக்கு நான் முதலில் விளிம்பைத்தான் சந்தேகப்படுவேன். கரண்ட்டை நிறுத்தி, போர்ட்டைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள். அழிறப்பரால் தேய்க்க வேண்டாம், தங்கப்பூச்சு போய்விடும். அப்படியும் சரிவராவிட்டால் 005000 இல் 000777 போட்டு ஓட விடுங்கள், அது தன்னிடமே திரும்பத் திரும்பப் பாயும் கட்டளை. இப்போது ரிசீவரின் உள்ளே போகும் லைன் 11 துடிக்க வேண்டும். 001000 இலிருந்து ஓட்டினால் துடிக்கக் கூடாது (இரண்டும் ஒரே இடம் என்பதால் திரும்பப் போடத் தேவையில்லை, கோளாறிலும் ஒரு வசதி). உள்ளே சரி, வெளியே மாற்றமே இல்லை என்றால் ரிசீவரை மாற்றுங்கள், அவ்வளவுதான் செலவு.

கேள்வி: என் போர்ட்டில் ஒரு 4116 உண்மையிலேயே செத்துவிட்டது. புறக்கோட்டையில் தேடியும் கிடைக்கவில்லை, 4164 தான் கையில் இருக்கிறது. உருவம் ஒன்றுதானே, மாட்டலாமா? (தெகிவளை வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். 4116இன் 8ஆம் காலுக்கு வருவது 12 வோல்ட், 4164இல் அதே கால் 5 வோல்ட்டுக்கானது. சுவிட்சைப் போட்டதும் கருகிவிடும். அப்புறம், புது 4116 மாட்டும்முன் முதலாம் காலில் மைனஸ் 5 வோல்ட் வருகிறதா என்று மீற்றர் வைத்துப் பாருங்கள். அது வராமல் 12 வோல்ட் மட்டும் வந்தால் புதுச் சிப்பும் போய்விடும், பழையது போனதும் ஒருவேளை அப்படித்தான்.